ஊதா ஒளிச்சேர்க்கை பாக்டீரியா: சேற்றிலிருந்து பிரித்தெடுப்பது முதல் ஹைட்ரஜன் வரை

குளத்துச் சேறு கொஞ்சம், சோடியம் அசிட்டேட் கொஞ்சம், இறுக மூடிய கண்ணாடிக் குப்பி, பக்கத்தில் ஒரு குண்டு பல்பு. ஊதா ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை வளர்க்க இவ்வளவு போதும். ஒன்றிரண்டு வாரத்தில் குப்பி சிவந்துவிடும். சிரமம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இந்த உயிரி ஹைட்ரஜன் தரும், பிளாஸ்டிக் தரும், நிறமி தரும், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் படித்துவிட்டு ஆய்வில் இறங்குபவர்கள் பலரும் எல்லாவற்றையும் ஒரே குப்பியில் எதிர்பார்க்கிறார்கள். அது நடக்காது. உணவிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்களை பாக்டீரியா எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்குக் கிடைக்கும் பொருள் அமைகிறது. ஊடகம் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்), ஒளி, காற்று என்று நாம் மாற்றும் ஒவ்வொன்றும் அந்த எலக்ட்ரானின் வழியை மாற்றுவதுதான். கீழே வரும் படிகளை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், எதை ஏன் செய்கிறோம் என்பது தானாகவே பிடிபடும்.

தொடங்கும் முன்: இது எப்படிப்பட்ட உயிரி?

செடிகளும் பாசிகளும் தண்ணீரைப் பிளந்து எலக்ட்ரான் எடுக்கின்றன. ஆக்சிஜன் வெளியே வருகிறது. ஊதா பாக்டீரியாவால் தண்ணீரைப் பிளக்க முடியாது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் வாயு, இரும்பு அயனி, கரிம அமிலங்கள் இவற்றிலிருந்து எலக்ட்ரான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆக்சிஜன் வெளிவருவதில்லை. நுண்ணுயிரியலாளர் கார்னெலிஸ் வான் நீல் 1931-இல் இந்த பாக்டீரியாவையும் செடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான், செடி விடும் ஆக்சிஜன் கார்பன் டைஆக்சைடிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்தே வர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஒளிச்சேர்க்கை பற்றிய பாடப்புத்தக அறிவில் பாதி இந்தச் சேற்று உயிரிகளிடமிருந்து வந்தது என்றால் மிகையில்லை. ஒளியை எலக்ட்ரான் ஓட்டமாக மாற்றும் புரதத் தொகுதியான ஒளிவினை மையத்தின் அணு அமைப்பைக் கண்டதற்காக டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல் மூவருக்கும் 1988-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்த மையமும் ஓர் ஊதா பாக்டீரியாவிலிருந்து எடுத்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த பிளாஸ்டோகுளோரிஸ் விரிடிஸ் பார்ப்பதற்குப் பச்சை நிறம்!

இவற்றின் முக்கிய நிறமி பாக்டீரியோகுளோரோஃபில். பெரும்பாலான வகைகளில் இது செல்லுக்குள் இருக்கும்போது 800 முதல் 880 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். விரிடிஸ் போன்ற சில வகைகள் 1000 நானோமீட்டரையும் தாண்டும். பாசிகள் 700 நானோமீட்டரோடு நின்றுவிடுவதால், மீதமாகிக் கீழே இறங்கும் ஒளி முழுக்க இவற்றுக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பும் ஊதாவும் கரோட்டினாய்டுகள் தரும் நிறம்.

இரண்டு கூட்டங்கள் உண்டு. கந்தக வகைகள் சல்ஃபைடை விரும்பும். அவற்றில் பல, கந்தக மணிகளைச் செல்லுக்குள்ளேயே சேர்த்து வைக்கும். கந்தகம் சாராத வகைகள் கரிம அமிலங்களை விரும்பும். தொழில்நுட்பப் பயன்பாடு என்று பேசும்போது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தைத்தான் சொல்கிறோம்: ரோடோசூடோமோனாஸ் பாலுஸ்ட்ரிஸ், ரோடோபேக்டர் ஸ்பீராய்டிஸ், ரோடோபேக்டர் கேப்சுலேட்டஸ், ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம். வகைப்பாடு அடிக்கடி மாறும் துறை இது. ஸ்பீராய்டிஸை இப்போது செரிபேக்டர் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள், ஆகவே பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

படி 1: மாதிரி எடுப்பது

ஓடாத தண்ணீர், அழுகும் இலைதழை, வெயில் படும் ஆழமில்லாத சேறு. இந்த மூன்றும் சேரும் இடம் எதுவானாலும் சரி. குளக்கரை, நெல்வயல், கழிவுநீர்க் குட்டை, உப்பங்கழி எல்லாம் நல்ல இடங்கள். சேற்றின் மேல் சில சென்டிமீட்டரை, மேலே நிற்கும் தண்ணீரோடு சேர்த்து, காற்றிடம் விடாமல் குப்பி நிறைய எடுங்கள். உப்புத்தண்ணீர் மாதிரி என்றால் ஊடகத்திலும் அதே அளவு உப்பு இருக்க வேண்டும். சேற்றில் நோய்க்கிருமிகளும் இருக்கலாம் என்பதால் கையுறை அவசியம்.

படி 2: ஊடகம்

ரோடோபேக்டர் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் மாலேட் ஊடகத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டருக்கு மாலிக் அமிலம் 4 கிராம், அம்மோனியம் சல்ஃபேட் 1 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 0.2 கிராம், கால்சியம் குளோரைடு 0.075 கிராம், 10 மில்லிமோலார் அளவுக்குப் பொட்டாசியம் பாஸ்பேட், ஈ.டி.டி.ஏ.வோடு (உலோகத்தைப் படியவிடாமல் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்துக் கரைத்த சிறிதளவு இரும்பு, நுண்தனிமக் கலவை 1 மில்லிலிட்டர். பி.எச். 6.8. பாஸ்பேட்டைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), ஆறிய பிறகு சேருங்கள். ஒன்றாகப் போட்டுச் சூடாக்கினால் கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டோடு வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தக் கலங்கலை வைத்துக்கொண்டு வளர்ச்சியை அளக்கவே முடியாது.

வைட்டமின் தேவை இனத்துக்கு இனம் மாறும். பாலுஸ்ட்ரிஸுக்குப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம், ரூப்ரத்துக்கு பயோட்டின், கேப்சுலேட்டஸுக்குத் தயமின், ஸ்பீராய்டிஸுக்குத் தயமினோடு பயோட்டினும் நிக்கோடினிக் அமிலமும். என்ன வரப்போகிறது என்று தெரியாத முதல் கட்டத்தில் எல்லாவற்றையும் போட்டு, ஈஸ்ட் சாறும் 0.2 கிராம் சேர்த்துவிடுங்கள்.

சேற்றிலிருந்து நேரடியாக வளர்க்கும்போது ஒரு மாற்றம் நல்லது. அம்மோனியம் சல்ஃபேட்டுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடு போடுங்கள். சல்ஃபேட் நிறைய இருந்தால் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியா முந்திக்கொள்ளும், குப்பி கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கந்தக வகைகள்தான் வேண்டும் என்பவர்கள் சல்ஃபைடை அளந்து சேர்க்க வேண்டும். அது தனிக் கலை, இங்கே விட்டுவிடுகிறேன்.

படி 3: ஒளியும் காற்றில்லா நிலையும்

திருகு மூடிக் குப்பியில் பத்தில் ஒரு பங்கு சேற்று நீரை விட்டு, மீதியை ஊடகத்தால் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். குப்பியில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மற்ற பாக்டீரியா ஒரு நாளில் தின்று தீர்த்துவிடும், நைட்ரஜன் சிலிண்டர் எதுவும் தேவையில்லை. வெப்பநிலை 28 முதல் 30 டிகிரி செல்சியஸ்.

ஒளிதான் பலரைக் கவிழ்க்கும் இடம். குண்டு பல்பு அகச்சிவப்பை வாரி இறைக்கும் என்பதால் அந்தக் காலத்து ஆய்வகங்களில் 40 அல்லது 60 வாட் பல்பு ஒன்றே போதுமாயிருந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. அதன் கீழும் பாக்டீரியா வளரும், கரோட்டினாய்டு நீலப்பச்சை ஒளியைப் பிடித்துக்கொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் வளரும். போதாக்குறைக்குப் பாசியும் சேர்ந்து வளர்ந்து ஆக்சிஜனை விடும். 850 நானோமீட்டர் எல்.இ.டி. பட்டை வாங்கிப் பொருத்துவதுதான் இப்போதைக்குச் சரியான வழி. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் அதை உற்றுப் பார்க்காதீர்கள். எரிகிறதா என்று பார்க்க, அகச்சிவப்பை வடிகட்டாத ஏதாவது ஒரு கைபேசிக் கேமராவைக் காட்டினால் போதும்.

இன்னொன்று: லக்ஸ் மீட்டரை நம்பாதீர்கள். அது மனிதக் கண்ணுக்காகச் செய்த கருவி. 850 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், குப்பியோ உள்ளே செழித்துக்கொண்டிருக்கும். லக்ஸில் மட்டும் எழுதிய கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வீண் வேலை. சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்ற கணக்கையும், விளக்கின் அலைநீளத்தையும் சேர்த்து எழுதி வைப்பதே பயனுள்ளது.

படி 4: தனிவகையைப் பிரிப்பது

குப்பி சிவந்ததும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய ஊடகத்தில் விடுங்கள். இப்படி மூன்று, நான்கு முறை மாற்றினால் சேறு போய், வேகமாக வளரும் வகைகள் மட்டும் நிற்கும். கவனம்: வேகமாக வளர்வது என்பதும் ஒரு தேர்வுதான். அரிதான, மெதுவாக வளரும் வகைகள் வேண்டுமென்றால் இப்படிக் குப்பியில் வளர்த்துப் பெருக்கும் செறிவூட்டலைத் தவிர்த்து, சேற்று நீரையே படிப்படியாக நீர்த்து நேரடியாக அகாரில் (ஊடகத்தைக் கூழாக உறையவைக்கும் பொருள்) இறக்க வேண்டும்.

பிரிப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, பெட்ரி தட்டில் கீறி, காற்றில்லா ஜாடிக்குள் வைத்து, ஜாடிக்கு வெளியே விளக்கு வைப்பது. இன்னொன்று அகார் குலுக்கல் முறை: சுமார் 40 டிகிரியில் உருகிய நிலையில் இருக்கும் அகார் குழாய்கள் வரிசையாக வைத்து, முதல் குழாயில் வளர்ப்பை விட்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பத்தில் ஒரு பங்காக மாற்றிக்கொண்டே போவது. ஆறிய பிறகு மேலே பாரஃபின் ஊற்றி மூடினால் காற்று போகாது. கடைசிக் குழாய்களில் சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாக அகாருக்குள் தொங்கும். ஜாடி இல்லாத இடத்தில் இதுதான் கை கொடுக்கும். கொஞ்சம் பழகினால் ஜாடியை விட நம்பகமானதும்கூட.

சிவப்பாக இருக்கும் கூட்டத்துக்குள் நிறமில்லாத வேறொன்று ஒளிந்திருப்பது சகஜம். மறுபடி மறுபடி கீறி, நுண்ணோக்கியில் ஒரே வடிவம்தானா என்று பாருங்கள். சத்தான ஊடகத்தில், இருட்டில், காற்றோட்டமாகவும் ஒருமுறை வளர்த்துப் பார்த்தால் திருட்டுக் கூட்டாளி வெளியே வருவான். தூய்மையானதும் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் சேமித்துவிடுங்கள்.

படி 5: அடையாளம் காண்பது

முதலில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர். முழுச் செல்களைச் சர்க்கரைக் கரைசலில் கலக்கினால் ஒளிச்சிதறல் குறையும். 400 முதல் 1000 நானோமீட்டர் வரை ஓட்டிப் பாருங்கள். 800, 850 என இரண்டு மேடுகள் பக்கம்பக்கமாக எழுந்தால் எல்.எச்.2 என்ற ஒளி அறுவடைப் புரதம் இருக்கிறது. அது இல்லாத ரூப்ரத்தில் 880-ஐ ஒட்டி ஒரே பெரிய மேடுதான். இந்த மேடுகள் இப்படி விலகி நிற்பதற்குக் காரணம் நிறமி மட்டுமில்லை, நிறமி மூலக்கூறுகளைப் புரதம் வளையமாக அடுக்கியிருக்கும் விதம். 1995-இல் வெளிவந்த எல்.எச்.2 அமைப்பில் ஒன்பது மடங்கு வளையம் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: 18 பாக்டீரியோகுளோரோஃபில் நெருக்கமாக நின்று 850-ஐயும், தள்ளி நிற்கும் 9 மூலக்கூறுகள் 800-ஐயும் பிடிக்கின்றன. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே செல்களை அசிட்டோன், மெத்தனால் கலவையில் போட்டுச் சென்ட்ரிஃப்யூஜ் செய்தால் புரதம் குலைந்து, அத்தனை மேடுகளும் சரிந்து 770 நானோமீட்டர் பக்கம் ஒரே மேடாகிவிடும். மங்கலான வெளிச்சத்தில் சீக்கிரம் செய்யுங்கள், வெளியே வந்த நிறமி வெளிச்சத்தில் சிதையும்.

பெயர் வைக்க, பாக்டீரியாக்களின் உறவைக் காட்டும் 16எஸ் ஆர்.என்.ஏ. மரபணு வரிசை வேண்டும். ஒளிவினை மையத்தின் ஒரு புரதத்துக்கான பியுஎஃப்எம் (pufM) மரபணுவையும் பார்ப்பது நல்லது. ஏனென்றால் 16எஸ் வரிசையில் நெருங்கிய உறவாக இருக்கும் இரண்டு பாக்டீரியாவில் ஒன்று ஒளிச்சேர்க்கை செய்யலாம், மற்றொன்று செய்யாமல் இருக்கலாம்.

வளர்ச்சியை 660 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். நிறமிகளின் மேடுகளுக்கு நடுவே அது ஒரு பள்ளம். 600-இல் அளந்தால் பாக்டீரியோகுளோரோஃபில்லின் 590 மேடு குறுக்கிடும்.

படி 6: எலக்ட்ரானை எங்கே அனுப்புவது?

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். ஒளியில் வளரும் செல்லுக்கு, ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறான ஏ.டி.பி.க்குப் (ATP) பஞ்சமில்லை. உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்களை இறக்கி வைக்க இடம்தான் வேண்டும். இயல்பாக அவை புதிய செல்லாக மாறும். மிஞ்சியது கார்பன் டைஆக்சைடை நிலைநிறுத்தும் கால்வின் சுழற்சிக்குப் போகும். பியூட்டிரேட் போல எலக்ட்ரான் மிகுந்த உணவைக் கொடுத்து, கார்பன் டைஆக்சைடு தரும் பைகார்பனேட்டைச் சேர்க்க மறந்தால் பாக்டீரியா வளராமல் நிற்பது இதனால்தான். உணவு இருக்கிறது, ஒளி இருக்கிறது, எலக்ட்ரானை இறக்கத்தான் வழியில்லை.

*ஹைட்ரஜன் வேண்டுமானால்.* ரூப்ரம் ஒளியில் ஹைட்ரஜன் விடுவதை ஹோவர்ட் கெஸ்ட்டும் மார்ட்டின் கேமனும் 1949-இல் கண்டார்கள். அதைச் செய்வது நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதி. சுற்றிலும் நைட்ரஜன் இல்லாதபோது அது வெறும் புரோட்டான்களையே ஹைட்ரஜனாக்கும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 4 ஏ.டி.பி. செலவு. இருட்டில் வாழும் உயிரிக்குக் கட்டுப்படியாகாத செலவு, ஒளியில் வாழ்பவனுக்குச் சுமையில்லை. இவ்வளவு ஏ.டி.பி. எரிவதால் வினை பின்னோக்கித் திரும்பாது என்பது கூடுதல் நன்மை.

செய்முறை இது. அம்மோனியத்தை முற்றிலும் நீக்கி, நைட்ரஜன் மூலமாகக் குளுட்டமேட் கொடுங்கள். ஸ்பீராய்டிஸுக்கு 15 மில்லிமோலார் மாலேட், 2 மில்லிமோலார் குளுட்டமேட் என்பது பலரும் பயன்படுத்திய விகிதம். இரும்பும் மாலிப்டினமும் குறையக் கூடாது. இரண்டும் நொதியின் இதயத்தில் உட்காருபவை. குப்பியின் மேல்வெளியை ஆர்கானால் துரத்தி, ரப்பர் அடைப்பான் வழியாக வாயுவைத் தண்ணீர் நிரப்பிய கவிழ்த்த அளவுக் குழாயில் பிடியுங்கள். தண்ணீரோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கார்பன் டைஆக்சைடு கரைந்துவிடும், எஞ்சுவது பெரும்பாலும் ஹைட்ரஜன். உறுதிக்கு வாயு குரோமடோகிராஃப் வேண்டும். பக்கத்தில் தீப்பொறி எதுவும் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மோல் மாலேட் முழுக்கச் சிதைந்தால் 6 மோல் ஹைட்ரஜன். லாக்டேட் 6, அசிட்டேட் 4, பியூட்டிரேட் 10. ஒரு லிட்டர் வளர்ப்பில் 15 மில்லிமோல் மாலேட் என்றால் அதிகபட்சம் 90 மில்லிமோல் ஹைட்ரஜன், அதாவது 25 டிகிரியில் சுமார் 2.2 லிட்டர். உங்களுக்கு 1.1 லிட்டர் வந்தால் மாற்றுத்திறன் 50 சதவீதம். எத்தனை மில்லிலிட்டர் வந்தது என்று மட்டும் எழுதும் அறிக்கை யாருக்கும் உதவாது. இந்தச் சதவீதத்தையும், உள்ளே போன ஒளியாற்றலில் எத்தனை பங்கு ஹைட்ரஜனாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

வாயு வரவில்லையா? முதலில் அம்மோனியத்தைச் சந்தேகியுங்கள். ரூப்ரத்தில் அம்மோனியம் பட்ட சில நிமிடங்களில் நைட்ரோஜினேஸின் மேல் ஏ.டி.பி. ரைபோஸ் (ADP-ribose) என்ற மூலக்கூறு ஒட்டி அதை முடக்கிவிடும். ஈஸ்ட் சாறும் பழைய வளர்ப்பிலிருந்து வந்த ஊடகமும் அம்மோனியத்தைக் கொண்டுவரும். அடுத்த சந்தேகம் ஆக்சிஜன் கசிவு. அதற்கும் அடுத்தது, வந்த ஹைட்ரஜனைத் திரும்ப உள்ளிழுக்கும் ஹைட்ரஜனேஸ். அந்த மரபணுவை நீக்கிய வகைகளில் விளைச்சல் கூடும். அம்மோனியம் இருந்தாலும் ஹைட்ரஜன் விடும்படி மாறிய பாலுஸ்ட்ரிஸ் வகைகளும் உண்டு. அதையும் தாண்டி, நைட்ரோஜினேஸில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிய பாலுஸ்ட்ரிஸ் கார்பன் டைஆக்சைடிலிருந்து மீத்தேன் செய்ததை 2016-இல் காட்டினார்கள்.

*பிளாஸ்டிக் வேண்டுமானால்* அசிட்டேட்டைத் தாராளமாகவும் நைட்ரஜனைக் குறைவாகவும் கொடுங்கள். எலக்ட்ரான், செல்லுக்குள் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக்கின் மணிகளாகச் சேரும். ஹைட்ரஜனும் இதுவும் ஒரே எலக்ட்ரானுக்குப் போட்டி போடுபவை என்பதை மறக்க வேண்டாம். ஹைட்ரஜன் குறைந்த குப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்க மணிகளாக இருப்பது அடிக்கடி காணும் காட்சி.

*மருந்துப் பொருள்கள்.* 5-அமினோலெவுலினிக் அமிலம், பாக்டீரியோகுளோரோஃபில் செய்யும் பாதையின் முதல் படி. கிளைசினைச் சேர்த்து, லெவுலினிக் அமிலத்தால் அடுத்த நொதியைத் தடுத்தால் அது தேங்கி வெளியே வரும். மூளைக் கட்டி அறுவையில் கட்டியை ஒளிரச் செய்ய மருத்துவர்கள் தரும் பொருள் இதுவே. கோஎன்சைம் க்யூ10-க்கும் ஸ்பீராய்டிஸ் பெயர்போனது. இவற்றைப் பெரிய அளவில் செய்பவர்கள் ஒளியையே விட்டுவிட்டு, இருட்டில், காற்றை அளந்து கொடுத்து வளர்ப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் நிறமி உற்பத்தி தூண்டப்படும், அதிகமானால் அடங்கிவிடும். இந்த விசையைக் கையாளத் தெரிந்தால் விளக்குச் செலவே இல்லை. எல்லாப் பாதையும் மருந்துக் கடையில் முடியும் என்றும் நினைக்க வேண்டாம்: ஸ்பீராய்டிஸின் வெளிச்சவ்வுக் கொழுப்பான லிப்பிட் ஏ-யை மாதிரியாக வைத்து உருவாக்கிய எரிட்டோரான் என்ற மருந்து, கடும் செப்சிஸ் (தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்ட சோதனையில் பலன் தரவில்லை.

*கழிவுநீரும் தீவனமும்.* தனிப்பட்ட முறையில், அதிகம் எதிர்பார்க்கத்தக்க வழி இதுதான் என்று நினைக்கிறேன். ஒளியில் வளரும்போது உணவை எரித்து ஆற்றல் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் கழிவிலிருந்து நீக்கிய வேதி ஆக்சிஜன் தேவையின் (கழிவில் உள்ள கரிமப் பொருளின் அளவுகோல்) ஒவ்வொரு கிராமுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு செல்லாகச் சேர்கிறது. சாதாரணக் காற்றோட்டச் சேற்று முறையில் பாதிக்கு மேல் காற்றோடு எரிந்து போய்விடும். கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஒரே படியில் செல்லுக்குள் அடங்கும்; உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் மீன், இறால் தீவனமாக ஆராய்கிறார்கள். ஆனால் இதே செல்கள் கன உலோகங்களையும் சேர்த்துப் பிடிக்கும். தொழிற்சாலைக் கழிவில் வளர்த்ததைத் தீவனமாக்கும் முன் உலோகச் சோதனை கட்டாயம். உணவுத் தொழிற்சாலைக் கழிவே இதற்குப் பொருத்தம்.

படி 7: குப்பியிலிருந்து தொட்டிக்கு

அடர்த்தி ஏற ஏற, முன்வரிசைச் செல்கள் ஒளியைத் தின்றுவிடும். சில சென்டிமீட்டர் உள்ளே இருட்டு. ஆகவே அளவைப் பெருக்குவது என்பது கொள்ளளவை அல்ல, ஒளி படும் பரப்பைப் பெருக்குவது. தட்டையான பலகை உலை, மெல்லிய குழாய் உலை என்று போனால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் செலவு ஏறும். ஒளி அதிகம் பிடிக்கும் வகை நல்ல வகை என்று தோன்றும், தொட்டியில் அதற்கு நேர்மாறு. எல்.எச்.2 குறைந்த, வெளிறிய வகைகள் ஒளியை உள்ளே விடுவதால் அடர்ந்த வளர்ப்பில் அவை முந்தக்கூடும்.

திறந்த தொட்டியில் பெரும் பகை பாசிதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் படலத்தை மேலே போர்த்தினால் பாசிக்கு வழியில்லை, ஊதா பாக்டீரியா பெரும்பான்மையாக நிற்கும். படலம் சூடேறும், தூசு படியும், மாற்ற வேண்டி வரும். வெயிலில் நீர் 40 டிகிரியைத் தொட்டால் பல வகைகள் தளர்ந்துவிடும், ஆகவே குளிர்விக்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். இரவில் வளர்ச்சி நின்று, சேமித்ததைக் கரைக்கத் தொடங்கும். இரவும் பகலும் மாறிமாறி வரும் ஒளியில் சில வாரமாவது ஓட்டிப் பார்க்காமல், தொடர்ந்த விளக்கொளியில் கிடைத்த எண்ணை 24 மணி நேரத்தால் பெருக்கித் திட்ட அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.